ஒரு சாண் திறந்த கதவு

மேபிள் இராசநாயகம் என்னும் அம்மையார் ஸ்காபரோவில், அடுக்குமாடிக் கட்டடமொன்றின் பதினோராம் மாடியில் தனியே வசித்து வந்தார். அவருடைய பழக்கங்கள் எல்லாம் பொழுதைப் பார்த்து நடப்பவை. யன்னலின் வெளிச்சம் சாம்பல் நிறமடையத் தொடங்கியதும் முகங்கழுவுவார். தலையை வாரிக் கொண்டை முடிவார். பின்னல்விரிப்பு விரித்த சிறுமேசையின் மேல் தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைப்பார். பிறகு வாசற்கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்து, அது தானாகச் சாத்திக்கொள்ளாதபடி தம்முடைய நீல நிற ரப்பர்ச் செருப்பொன்றை இடுக்கிலே செருகி வைப்பார். மாலை ஜெபத்தின்போது வாசலை அடைக்கலாகாது என்பது அவருடைய தந்தையார் விதித்த விதி. வழியிற் போகின்ற எவரேனும் உள்ளே வந்து முழந்தாளிட விரும்பினால், கதவு அவரைத் தடுக்கக் கூடாது.

எதிர்வீட்டு யோகமலரும் அந்த வேளையிலேதான் கதவைத் திறந்து வைப்பார். அவருக்கு அது விளக்கேற்றும் நேரம். வாசல் திறந்திருந்தால் இலட்சுமி வருவாள். ஆகவே மாலைதோறும் அந்த நடைவழியில் இரண்டு கதவுகள் ஒன்றையொன்று பார்த்தபடி திறந்திருக்கும். ஒன்றிலிருந்து சாம்பிராணிப் புகையும், மற்றொன்றிலிருந்து ஜெபச் சத்தமும் புறப்பட்டு, மின்தூக்கியின் அருகிலே கலந்துபோகும்.

மார்கழி மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை. ஜெபத்தை முடித்து ‘ஆமென்’ என்று சொல்லிய மேபிள், மறுமுனையிலிருந்த கிழவர் விடைபெறுவதற்காகக் காத்திருந்தார். அப்போது தொலைபேசியில் இரண்டு மூச்சுகள் கேட்டன. ஒன்று, புகையிலையாற் கெட்டுப்போன நெஞ்சின் இழுப்பு. அதனை அவர் நன்கு அறிவார். மற்றது மிகவும் மெதுவானது. மூச்சு விடுவது எப்படியென்று அருகிலிருப்பவரைப் பார்த்துப் பழகுவதைப் போன்றது.

அந்தக் கிழவரோ தனியாள்.

கிழவரின் பெயர் மரியோ. அவர் வாழ்ந்த ஹார்ட்டன் ஏரி என்னும் சுரங்க ஊரை அடைய, ரொறன்ரோவிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் வடக்கு நோக்கிப் புகைவண்டியிற் போக வேண்டும். சுரங்கம் மூடப்பட்டபின் அங்கே எஞ்சியவர் சிலரே. அவர்களுக்கும் ஆண்டவரைப் பற்றிய கவலை இருந்ததில்லை. வெள்ளைப் பலகைகளாலான அவ்வூர்த் தேவாலயம் விற்கப்பட்டு, பனிவண்டி திருத்துமிடமாக மாறியிருந்தது. மேபிளின் தமிழ்ச் சபை ‘வடதிசை ஊழியம்’ என்ற பெயரில் அவ்வூரைப் பொறுப்பேற்றபோது, குளிரைக் கேள்விப்பட்ட வாலிபர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். மேபிள் தம்முடைய தொலைபேசியை முன்வைத்தார்.

அவருடைய உச்சரிப்பைக் கேட்ட மாத்திரத்தில் விற்பனை அழைப்பென்று எண்ணி, “எங்களுக்கு டக்ட் கிளீனிங் வேண்டாம்” என்று சொல்லித் துண்டித்தவர்கள் பலர். கடவுள் வேலை தேடித் தெற்கே போய்விட்டார், கண்டால் சுகம் விசாரித்ததாகச் சொல்லும் என்றார் ஒருவர். மேபிள் சளைக்கவில்லை. சபையிலே தேநீர் வேளையில் ஊழியக் குழுச் செயலாளர் திலக்சன் மெல்லப் பேச்செடுத்தபோதும் அவர் சளைக்கவில்லை.

“அன்ரி, இவ்வளவு காலமா ஒரு ஆளும் வரேல்லை. கமிட்டி வடக்கை நிப்பாட்டுவமெண்டு யோசிக்குது.”

“ஆள் எண்ணுறதுக்கு நான் பஸ்ஸே ஓட்டுறன், தம்பி? ஒருத்தர் போன் எடுக்கிறார். அவர் எடுக்குமட்டும் நான் அடிப்பன்.”

“அவரும் நம்பிக்கையில்லாத ஆள்தானே?”

“ஓம். அதுக்கென்ன?”

அந்த ஒருவர்தாம் மரியோ. கேத்தில் கொதிக்கும் வரை ஜெபிக்கலாம், கொதித்தபின் தமக்குத் தேநீர்தான் முக்கியம் என்பது அவர் விதித்த நிபந்தனை. நாளடைவில் அவர் கேத்திலிலே தண்ணீரைக் கூடுதலாக ஊற்றத் தொடங்கியிருந்தார் என்பதை, அது கொதிக்க எடுத்துக்கொண்ட நேரத்தைக்கொண்டு மேபிள் அறிந்திருந்தார். இருவரும் பேசியது ஆங்கிலந்தான். ஆயினும் மேபிளின் செவியில் அது எப்போதும் தம்முடைய ஊர்ப் பேச்சாகவே விழுந்தது.

அந்த இரண்டாவது மூச்சுக் கேட்ட மாலையிலே, ஜெபத்துக்கு முன்னர் மேபிள் அவரை ஒன்று கேட்டிருந்தார்.

“மரியோ, உம்மடை வாசற்கதவு திறந்திருக்கோ?”

“உமக்கென்ன விசரே? மாரியிலை பொழுதுபட்டால் இஞ்சை ஒருத்தரும் கதவு திறக்கிறேல்லை.”

“குளிருக்கோ?”

மரியோ கேத்திலின் மூடியைத் தட்டி மூடினார்.

“குளிருக்கெண்டுதான் சொல்லுறனாங்கள்.”

அந்த விடையில் இருந்ததை மேபிள் கவனிக்கவில்லை. புழுக்கமான நாட்டு மாலைகளிலே கற்றுக்கொண்ட வழக்கத்தை, மூச்சும் உறைந்துபோகும் நாட்டுக்கு அவர் அப்படியே எடுத்துச் சென்றார்.

“ஒரு சாண்தானே திறக்கச் சொல்லுறன்? வாசலை அடைச்சுப்போட்டு ஜெபிக்கிறது, ஆளைச் சாப்பிடக் கூப்பிட்டுப்போட்டுப் படலையைப் பூட்டுற மாதிரி.”

மரியோ இருமி இருமிச் சிரித்தார். தளத்தில் அவருடைய காலடிகள் சென்றன; கதவொன்று முனகிற்று; காற்று நுழைந்தது. “சப்பாத்தொண்டைக் கழட்டி வைச்சிருக்கிறன். உம்மடை செருப்பைவிடப் பெரிசு,” என்றார்.

மறுநாள் அந்த மூச்சைக் குறித்து மேபிள் வினவியபோது, அது அடுப்பின் சத்தம் என்று அவர் சொன்னார். அதற்கடுத்த மாலையில் அடுப்பு செய்ய முடியாத ஒன்று கேட்டது. மேபிள் ஜெபத்தைத் தொடங்கியதும், மரியோவின் வீட்டுப் பலகைத் தளத்தின் மேல், நனைந்து பாரமான ஏதோவொன்று மெல்லத் தாழ்ந்தது. முதலில் ஒரு பலகை முனகியது. பின்னர் அதன் பக்கத்துப் பலகை. சிறுவயது முதல் ஆயிரம் ஆராதனைகளிலே கேட்டுப் பழகிய சத்தம் அது. யாரோ முழந்தாளிட்டார்கள்.

மேபிளின் உள்ளம் பொங்கியது. ஊரார் எவரோ கூச்சத்தோடு உள்ளே வந்துவிட்டார்! “வந்திருப்பவர் யாராயினும் அவரை வரவேற்கிறோம், ஆண்டவரே” என்று அவர் மனம் நிறைந்து ஜெபித்தார். அந்த வார்த்தைக்கு மரியோ சிரிக்கவில்லை. ஆமெனுக்குப் பிறகு பலகைகள் இரண்டும் மீண்டும் முனகின. தொடர்பு அறுந்தது.

நடைவழியிலே குப்பைப் பையோடு எதிர்ப்பட்ட யோகமலரிடம் மேபிள் அதைப் பெருமையோடு சொன்னார்.

“ஒரு ஆள் வந்திட்டுது, யோகமலர்! வடக்கிலை ஒரு ஆள்!”

“ஆளோ, பனிக்கரடியோ எண்டு வடிவாப் பாத்தனீங்களே, அக்கா? ஞானஸ்நானம் குடுக்கேக்கை கையைக் கவனம்.” யோகமலரின் இடுப்பிலிருந்த பேத்தி அட்சயா, காரணமறியாமல் தானும் சிரித்தாள். தவழும் பருவத்துக் குழந்தை அவள். காலிலே கொலுசு அணிந்திருந்தாள்.

அதற்கு மறுநாள் மரியோ தொலைபேசியை எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நீண்ட மணியோசையின் மறுபக்கத்திலே யாரோ நின்றுகொண்டு அதனைக் கேட்பதாக மேபிளுக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியதென்று அவருக்குத் தெரியவில்லை. அன்று அவர் வழக்கத்துக்கு முன்னரே செருப்பை எடுத்துக் கதவைச் சாத்தினார்.

அடுத்த மாலை பனி பெய்தது. யன்னலுக்கு வெளியே வீதிவிளக்குகள் மஞ்சட் கறைகளாய் மங்கின. பேருந்துகளின் இரைச்சல் பஞ்சுக்குள் அமிழ்ந்தது போலத் தேய்ந்தது. வெப்பமூட்டி தன் குழாய்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்தது. சாம்பிராணி மணந்தது. மேபிள் செருப்பை இடுக்கில் வைத்தார். அப்படி வைப்பதற்குத் தம்முடைய கை ஒரு கணம் தயங்கியதைக் கண்டு, அந்தக் கையின் மேலேயே சினங்கொண்டார். பின்னர் எண்களை அழுத்தினார்.

முதல் மணியிலேயே மரியோ எடுத்தார்.

“ஜெபத்தைத் தொடங்கும்.”

“மரியோ, நேற்று ஏன் நீர்…”

“தொடங்கும், மேபிள். அது நிக்குது.”

அந்தக் குரலைக் கேட்டதும் அவருடைய வாய் தானாகவே தொடங்கியது. பரம பிதாவே. பலகை முனகியது. பக்கத்துப் பலகையும் முனகியது. இம்முறை மிக அருகில். மரியோ அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். மனப்பாடமான ஜெப வார்த்தைகளை நாவு உருட்டிக்கொண்டிருக்க, மேபிளின் காது அவர் கிசுகிசுத்ததைக் கேட்டது.

“நீர் ஜெபிக்கேக்கை முழந்தாளிலை இருக்கும். ஆமெனெண்டால் எழும்பும். முதல் நாள் வாசலிலை. இப்ப மேசைக்கு அங்காலை. பகலிலை இல்லை. பகலிலை நான் கதவைச் சாத்துறன். பொழுதுபடச் சப்பாத்துத் திரும்பவும் இடுக்கிலை நிக்குது. நேற்று உம்மடை போனை எடுக்காமல் விட்டுப் பாத்தன். விடியுமட்டும் கட்டிலுக்குப் பக்கத்திலை நிண்டது.”

கதவைத் திறக்கச் சொன்னவர் மேபிள். வரவேற்றவரும் அவர். அது இன்னதென்று கேட்க வேண்டும். ஆனால் ஜெபத்தை நிறுத்தவோ கூடாது. ஆகவே அவர் கேள்வியையும் ஜெபமாக்கினார். “ஆண்டவரே, அவ்விடத்தில் இருப்பது இன்னதென்று உமது அடியானுக்குத் தெரியுமோ?”

“முகம் இருக்கவேண்டிய இடத்தை நான் பாக்கேல்லை,” என்றார் மரியோ.

அச்சத்தையும் மீறி வேறொன்று எழுந்தது. பாடசாலைக் காலத்தில் வம்புக்கு வந்தவர்களிடமும், இராணுவச் சோதனைச் சாவடியிலும், திலக்சனுடைய குழுவின் முன்பும் அவருக்குள் எழுந்த அதே பிடிவாதம் அது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலைத் தளர்த்தாமல் ஆங்கிலத்திலே தொடர்ந்து ஜெபித்தார்.

“ஆண்டவரே, உமது அடியானாகிய மரியோவுக்குப் பின்கதவை நினைப்பூட்டும். அவர் இந்தத் தொலைபேசியை வைத்துவிடாமல் மேசைமேற் கிடத்தும்படி செய்யும். அவர் ஓடாதிருப்பாராக. திரும்பிப் பாராதிருப்பாராக. அவர் காலிலே ஒரு சப்பாத்துத்தான் இருந்தாலும், பக்கத்து வீட்டுத் தாதி ஸ்டெபனியின் வாசல் மட்டும் அவரை நடத்தும்.”

மரியோவின் நாற்காலி மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது.

“நீர் என்ன செய்வீர்?”

“அடியாள் இவ்விடத்தில் ஜெபித்துக்கொண்டே இருப்பேன், ஆண்டவரே.”

மேசைமேல் தொலைபேசி வைக்கப்பட்ட மெல்லிய தட்டல் கேட்டது. ஒரு காலடி கனத்தும் ஒரு காலடி மெதுவாயும் ஒலித்து விலகிச் சென்றன. எங்கோ தூரத்தில் தாழ்ப்பாள். காற்றின் ஊளை. மறுபடி தாழ்ப்பாள்.

இப்போது அந்த வீட்டிலே அது மாத்திரம் இருந்தது. அதனோடு மேபிளின் குரல்.

அவர் ஜெபித்தார். நோயாளிகளுக்காக, மாலுமிகளுக்காக, சிறையிலிருப்போருக்காக, ஆளுவோருக்காக ஜெபித்தார். ஆங்கிலம் தீர்ந்துபோயிற்று. தமிழுக்கு மாறினார். கர்த்தாவே, இரக்கமாயிரும்.

“…யிரும்.”

ஈரத் துணியைப் பிழிவது போன்ற ஒலி. மூச்சுவிடப் பழகியது இப்பொழுது சொல்லப் பழகியது.

எங்கள்மேல் இரக்கமாயிரும்.

“…மாயிரும்.”

மேசையின் மறுபுறம் கிடந்த அவருடைய கைப்பேசி அதிர்ந்தது. வடக்கின் எண். மேபிள் ஜெபத்தை விடாமலே விரலால் அதைத் திறந்தார்.

“மேபிளோ? நான் ஸ்டெபனி. மரியோ இஞ்சை வந்திட்டார். ஒரு கால் விறைச்சுப்போச்சு, ஆனால் சுகம். உம்மட்டைச் சொல்லட்டாம்.” அவள் குரல் தயங்கியது. “யன்னலாலை அவற்றை வீட்டைப் பாக்கிறன். லைற் எரியுது. முன்கதவு ஆவெண்டு கிடக்கு. உள்ளுக்கை ஒருத்தரும் இல்லையே! நீர் ஆரோடை கதைச்சுக்கொண்டிருக்கிறீர்?”

பனியோ, தூரமோ, அந்தத் தொடர்பை விழுங்கியது.

மரியோ தப்பிவிட்டார். இனி ஒரே ஒரு சொல்லைச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிடலாம். அந்தச் சொல் மேபிளின் நாவின் நுனி வரை வந்தது. ஆனால் அச்சொல்லைக் கேட்டால் அது எழும்பும்; மரியோ இருப்பதோ அடுத்த வீட்டிலே.

இரக்கமாயிரும், என்றார் அதற்குப் பதிலாக.

தொலைபேசி பதில் சொல்லவில்லை. மறுமுனையில் காற்று மாத்திரம் வெற்று வீட்டைச் சுற்றிவந்தது.

இரக்கமாயிரும்.

“…கமாயிரும்.”

முதுகுக்குப் பின்னால். நடைவழியில்.

குளிர் தரையோடு தவழ்ந்து வந்து கணுக்காலைப் பற்றியது. சாம்பிராணி மணம் அற்றுப்போயிற்று. அதன் இடத்தில் வேறு மணம்: துருப்பிடித்த இரும்பு, வெயில் படாத கல், பழைய நீர். கம்பளத்தின் மேல் ஒரு பாரம் தாழ்ந்தது. பின்னர் மறுபக்கத்துப் பாரம்.

மேபிள் திரும்பவில்லை. வாய் ஜெபித்தது. காது எதிர்வீட்டைக் கேட்டது. அந்தக் கதவும் திறந்திருந்தது. விளக்கேற்றிய வாசல். உள்ளே, வழுவழுப்பான தரையிலே, கொலுசுச் சத்தம். வாசலை நோக்கி. நின்று. மறுபடியும் வாசலை நோக்கி.

“ஆண்டவரே!” என்றார் மேபிள் உரத்த குரலில். “எதிர்வீட்டு யோகமலர் இந்தக் கணமே எழுந்து, வெளியே பாராமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தன் கதவைச் சாத்தித் தாழிடக் கிருபை செய்யும்!”

“என்னக்கா,” என்று எதிரிலிருந்து சிரிப்போடு குரல் வந்தது, “ஆண்டவரிட்டை என்னைப் பற்றிக் கோள் மூட்டுறியளோ?”

“சாத்தித் தாழிடக் கிருபை செய்யும்! வெளியே பாராதிருக்கக் கிருபை செய்யும்!”

“…பை செய்யும்,” என்றது நடைவழி.

சிரிப்பு நின்றது. “அக்கா… ஆரது உங்களோடை சேந்து சொல்லுறது?”

கொலுசு தரையைவிட்டு மேலெழுந்தது. கதவு அறைந்து மூடிற்று. தாழ்ப்பாள். சங்கிலி. குழந்தையின் அழுகை, பலகைக்கு அப்பால், தொலைவாக.

நன்று.

இனித் திறந்திருந்தது ஒரே கதவு.

மேபிள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். முதுகைக் காட்டிக்கொண்டு ஜெபிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு சாண் இடைவெளியில், நடைவழி விளக்கின் வெளிச்சத்தை மறைத்து, சாம்பல் நிறமாய் ஒன்று முழந்தாளில் இருந்தது. தலை குனிந்திருந்தது. குனிந்த நிலையிலேயே அது கதவின் கைப்பிடிக்கு மேலே உயர்ந்திருந்தது. அதிலிருந்து வடிந்த நீர் வாசற்படியைத் தாண்டி அவருடைய தரையிலே ஒரு விரல் அகலத்துக்கு ஊர்ந்து வந்தது. நீல நிறச் செருப்பின் மேல் ஒரு கை படிந்திருந்தது. விரல்களில் வேண்டியதற்கு மேற்பட்ட கணுக்கள் இருந்தன. செருப்புக்கு அருகிலே, விருந்தாளி கழற்றி வைப்பதைப் போல ஒழுங்காக, உருகாத பனியோடு ஒரு சப்பாத்து வைக்கப்பட்டிருந்தது. மரியோ சொன்னது மெய்தான். அது செருப்பைவிடப் பெரியது.

அதன் தலை சிறிதே உயர்ந்தது. காத்திருந்தது. எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தது என்பது மேபிளுக்குத் தெரியும்.

தொண்டை வறண்டிருந்தது. விடிவதற்கோ வெகுநேரம் இருந்தது. வருடத்தின் மிக நீண்ட இரவுகள் அவை. ஒரு ஆளும் வரவில்லை என்று சொன்ன தம்பி திலக்சன், விடிந்தபின் வந்து எண்ணிப் பார்க்கட்டும்.

“அப்பிடியே இரும்,” என்று மேபிள் அதனிடம் சொன்னார். பின்பு கோப்பையிலிருந்த தண்ணீரில் ஒரு மிடறு குடித்து, ஈரமான உதடுகளைத் துடைத்துக்கொண்டு, பரம பிதாவே என்று முதலிலிருந்து தொடங்கினார்.

இன்றைக்கு ஆமென் சொல்வதில்லை என்று அவர் தீர்மானித்திருந்தார்.